தனி நாடு கேட்கிறவனுக்கும் 24 மணி நேரம்தான் கணக்கு

வியாசர்பாடியிலிருந்து ஒரு சட்டக் கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: ஒரு பகுதி மக்கள் பிரிந்து போகிறோம் என்று கிளம்பிவிட்டால், பிரச்சினை அடங்குகிற வரைக்கும் பேச்சுரிமை, கூட்டம் போடுகிற உரிமை எல்லாவற்றையும் அரசு நிறுத்திவைப்பது நியாயம்தானே, நாடு இருந்தால்தானே உரிமை? கூடவே ஒரு துணைக் கேள்வி: புழல் அகதிகள் முகாமில் இருக்கிற அவருடைய நண்பன் ஈழத்தைப் பற்றி வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைத்தால் மாட்டிக்கொள்வானா?

தம்பி, முதல் கேள்வி பரீட்சைக்கு, இரண்டாவதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி என்று நினைக்கிறேன். ஆனால் முதலாவதைத் தாண்டித்தான் இரண்டாவதுக்குப் போக முடியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். முப்பது வருடத்துக்கு மேலாக ஜார்ஜ் டவுன் கோர்ட்டிலும் ஐகோர்ட்டிலும் கிரிமினல் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறேன். என் அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர். 1949 செப்டம்பர் 18 ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டுகிற மழையில் நடந்ததே திமுக தொடக்கக் கூட்டம், அதில் நனைந்துகொண்டு நின்ற ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர், சாகிற வரைக்கும் அந்த மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அந்தக் கட்சி அன்றைக்குக் கேட்டது என்ன? திராவிட நாடு. தனி நாடு, தம்பி. இன்றைக்கு நாம் காலையில் நடைப்பயிற்சி போகிற பூங்காவில் நின்றுதான் கேட்டார்கள். 1962 மே மாதம் அண்ணா மாநிலங்களவையில் முதல்முறை பேசும்போதும் அதையேதான் கேட்டார். அந்தப் பேச்சுக்காக யாரும் அவரை உள்ளே தள்ளவில்லை, எதிர்த்துப் பேசினார்கள், அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வருடம், 1963 அக்டோபரில், அரசியல் சட்டத்தின் 16ஆவது திருத்தம் வந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்பதற்கான காரணங்களில் 'இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு' என்பதையும் சேர்த்தார்கள், தேர்தலில் நிற்கிறவர் அதைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும் ஆக்கினார்கள். சீனப் போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. திமுக கோரிக்கையைக் கைவிட்டது. 1967இல் ஆட்சிக்கே வந்துவிட்டது. இதைச் சொன்னவுடன், பார்த்தீர்களா, சட்டம் போட்டவுடன் அடங்கிவிட்டார்கள் இல்லையா என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களை நான் அப்படியே பாக் ஜலசந்திக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போவேன்.

இலங்கையில் 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனி நாடு என்று சொல்லியே நின்று 18 இடம் ஜெயித்தது, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். ஓட்டுப் போட்டுக் கேட்டார்கள், கவனியுங்கள். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது, விசாரணை இல்லாமல் 18 மாதம் வரை வைத்திருக்கலாம், போலீஸ் உதவிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம். அப்புறம் 1983 ஜூலை, தமிழர்கள் மேல் நடந்த கலவரம். அது அடங்குவதற்குள் ஆகஸ்டில் ஆறாவது திருத்தம்: தனி நாட்டை ஆதரிப்பதே குற்றம், எம்.பி.க்கள் அதை மறுத்து உறுதிமொழி எடுக்க வேண்டும். கூட்டணி எம்.பி.க்கள் எடுக்க மறுத்துப் பதவியை இழந்தார்கள். வீடு எரிந்தவனுக்காக நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பேச ஆள் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு இளைஞர்கள் எங்கே போனார்கள் என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ராமேஸ்வரம் வந்து இறங்கினவர்களின் பேரப்பிள்ளைதான் உங்கள் நண்பன்.

ஆயுதம் ஒன்றுதான், இரண்டு நாட்டிலும் உறுதிமொழி. இங்கே அடங்கியது, அங்கே பற்றி எரிந்தது. வித்தியாசம் சட்டத்தில் இல்லை. இங்கே தனி நாட்டை விட்டுக் கொடுத்தவனுக்கு மற்ற கதவுகள் திறந்தே இருந்தன, கட்சி நடத்தலாம், இந்தியை எதிர்த்து ஊர்வலம் போகலாம் (1965இல் துப்பாக்கிச் சூடு நடந்தது, அதை மறைக்கவில்லை), தேர்தலில் ஜெயித்துக் கோட்டையில் உட்காரலாம். அங்கே எல்லாக் கதவையும் சேர்த்து அடைத்தார்கள். அந்த 16ஆவது திருத்தம் சரியா தப்பா என்பதில் எனக்கு இன்றைக்கும் இரண்டு மனசு, ஆனால் உரிமையை நிறுத்திவைத்ததால்தான் நாடு ஒன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறுத்தாமல் விட்ட மிச்ச உரிமைகளால்தான் இருந்தது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று வருவோம். கேட்பது வேறு, அதற்காகக் கல்லெடுப்பதும் துப்பாக்கி எடுப்பதும் வேறு. இந்த எல்லைக்கோட்டை நம் உச்ச நீதிமன்றம் 1962இலேயே கேதார்நாத் சிங் வழக்கில் போட்டுவிட்டது: வன்முறையைத் தூண்டுகிற, பொது அமைதியைக் கெடுக்கிற நோக்கமோ போக்கோ இருந்தால்தான் ராஜத் துரோகம், வெறும் கடுமையான பேச்சு அல்ல. இதைவிட எனக்குப் பிடித்தது பல்வந்த் சிங் வழக்கு. 1984 அக்டோபர் 31, இந்திரா காந்தி சுடப்பட்டு சில மணி நேரம்தான் ஆகியிருக்கிறது, சண்டிகரில் ஒரு சினிமா தியேட்டர் வாசலில் இரண்டு பேர் 'காலிஸ்தான் ஜிந்தாபாத்' (சீக்கியர் தனி நாடு வாழ்க) என்று சில தடவை கோஷம் போட்டார்கள். அதைவிட மோசமான நேரம் இருக்க முடியுமா? கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது: கூட்டத்தில் யாரும் அந்தக் கோஷத்துக்குப் பதில் குரல் கொடுக்கவில்லை, எந்தக் கலவரமும் நடக்கவில்லை, ஆளே சேராத கோஷத்தால் நாடு உடைந்துவிடாது. ஆனால் அந்தத் தீர்ப்பு வர பத்து வருடம் ஆயிற்று பாருங்கள். கோடு புத்தகத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது, ஸ்டேஷனில் இரவு பதினொரு மணிக்கு அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இப்போது சட்டம் இன்னும் அகலமாகியிருக்கிறது. ராஜத் துரோகத்துக்கான பழைய 124ஏ பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது, ஆனால் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 152ஆவது பிரிவாக வேறு உடுப்பில் திரும்பி வந்திருக்கிறது. பிரிவினை உணர்வை ஊக்குவிப்பது என்கிற மாதிரி எப்படியும் இழுக்கக்கூடிய சொற்கள், தண்டனை ஆயுள் அல்லது ஏழு வருடம் வரை. அதற்கு மேல் யுஏபிஏ, அதாவது சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம். அதில் 'சட்டவிரோதச் செயல்' என்பதற்கான விளக்கத்தில் பிரிவினைக் கோரிக்கையை ஆதரிப்பதும், நாட்டின் ஒருமைப்பாட்டைக் 'கேள்வி கேட்பதும்' வருகிறது. அதற்கான 13ஆவது பிரிவுக்கு ஜாமீன் சாதாரண முறையில்தான். தடை செய்யப்பட்ட பயங்கரவாத அமைப்பு சம்பந்தமான பிரிவுகளுக்குப் போனால்தான் 43டி(5) என்கிற பூட்டு விழும், போலீஸ் கொடுத்த காகிதத்தைப் பார்த்து மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது. அதனால்தான் எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு எண்ணாகப் படிக்கச் சொல்கிறேன், 13க்குப் பக்கத்தில், பயங்கரவாத அமைப்புக்கு ஆதரவு என்கிற 39 சேர்ந்தால் பையனின் இரண்டு மூன்று வருடம் போய்விடும்.

கனடாவைப் பார்த்தால் இந்த இரண்டு வழியும் ஒரே ஊரில் தெரியும். 1970 அக்டோபரில், பிரெஞ்சு பேசுகிற கியூபெக் மாகாணத்தைத் தனி நாடாக்கக் கேட்ட கியூபெக் விடுதலை முன்னணி என்ற ஆயுதக் குழு ஒரு பிரிட்டிஷ் தூதரக அதிகாரியையும் ஒரு மாகாண அமைச்சரையும் கடத்தியது. அமைச்சரைக் கடைசியில் கொன்றும் விட்டது. அரசு போர்க்காலச் சட்டத்தை எடுத்து, வாரண்ட் இல்லாமல் 497 பேரைப் பிடித்தது. பாடகர்கள், தொழிற்சங்கக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள். அவர்களில் பெரும்பாலோர் மேல் எந்த வழக்கும் போட முடியவில்லை, விட்டுவிட்டார்கள். கடத்தியவர்களைக் கண்டுபிடித்தது சாதாரணப் போலீஸ் வேலையில்தான். ஆனால் அதே கனடா, தனி நாடு கேட்கிற கட்சியைத் தடை செய்யவில்லை. அந்தக் கட்சி 1976இல் கியூபெக்கில் ஆட்சிக்கு வந்தது, 1980இல் ஒரு வாக்கெடுப்பு, தோல்வி, 1995இல் இன்னொன்று, 50.58 சதவீதம் வேண்டாம், 49.42 வேண்டும். ஒரு கிரிக்கெட் மேட்ச் மாதிரி கடைசி ஓவர் வரைக்கும் போய் நாடு பிழைத்தது, யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. 1998இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது: தன்னிச்சையாகப் பிரிய உரிமை இல்லை, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை ஆம் என்று சொன்னால் மத்திய அரசு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும்.

ஸ்பெயின் வேறு மாதிரி செய்தது. கட்டலோனியா என்கிற அதன் பகுதி தனி நாடு கேட்டு 2017 அக்டோபர் 1 நடத்திய வாக்கெடுப்பை நீதிமன்றம் தடை செய்திருந்தது, வாக்குச்சாவடியில் போலீஸ் தடியோடு இறங்கியது, 2019இல் ஒன்பது தலைவர்களுக்கு ராஜத் துரோகத்துக்காக 9 முதல் 13 வருடம் வரை தண்டனை. அவர்களில் இரண்டு பேர் எந்தப் பதவியிலும் இல்லாத மக்கள் அமைப்புக்காரர்கள். 2021இல் மன்னிப்பு, அப்புறம் அந்தக் குற்றப் பிரிவையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், 2024இல் பொது மன்னிப்புச் சட்டம். கடைசியில் வந்து நின்ற இடத்துக்கு முதலிலேயே வந்திருக்கலாம்.

இப்போது நம்மாட்களில் சிலருக்குக் கோபம் வருகிற விஷயம். உரிமைகளை மீறுவது அரசு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். தனி நாடு கேட்கிறவர்கள் நடுவில், 'எனக்கு வேண்டாம்' என்று சொல்கிற ஒருத்தன் எப்போதும் இருப்பான், அவன் கதி என்ன என்பதைப் பார்த்தால் அந்த இயக்கம் நாளைக்கு எப்படிப்பட்ட நாட்டைக் கட்டும் என்று தெரிந்துவிடும். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள் புலிகள். அதே தமிழ் பேசுகிறவர்கள். வடக்கு முழுவதும் சேர்த்து எழுபதாயிரம் பேருக்கு மேல் கையில் கிடைத்த துணியோடு புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். 1983ஐப் பற்றிப் பேசிவிட்டு இதைப் பேசாமல் விடுகிறவனோடு நான் உரிமை பற்றி விவாதம் பண்ணுவதில்லை. கியூபெக்கில் வடக்குக் காட்டில் வாழ்கிற கிரீ பழங்குடியினர் 1995இல் தாங்களே தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தி, எங்களையும் நிலத்தையும் கியூபெக்கோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போக முடியாது என்று 96 சதவீதத்துக்கு மேல் சொன்னார்கள். அவர்களைச் சொல்லவிட்டார்கள் என்பதுதான் அங்கே இருந்த வித்தியாசம்.

நிறுத்திவைப்பது பற்றிக் கேட்டீர்கள். எல்லாவற்றையும் நிறுத்திவைக்கவே முடியாது, இது என் ஆசை இல்லை, சட்டம். நெருக்கடி நிலையில் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில், 1976இல், உயிர் வாழும் உரிமைக்காகக்கூட நீதிமன்றக் கதவைத் தட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்ட்ரல் எதிரே இருந்த பழைய மத்தியச் சிறையில் அந்த நாட்களில் என்ன நடந்தது என்று உங்கள் தாத்தா வயது ஆட்களைக் கேளுங்கள். அதனால்தான் 1978இல் 44ஆவது திருத்தம் கொண்டுவந்து, நெருக்கடி நிலை வந்தாலும் தண்டனை விஷயத்தில் பாதுகாப்பு, உயிர் வாழும் உரிமை பற்றிய 20, 21 ஆகிய இரண்டு பிரிவுகளைத் தொடக்கூடாது என்று எழுதி வைத்தார்கள். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையும் இதையேதான் சொல்கிறது, போரே நடந்தாலும் சித்திரவதைக்கு அனுமதி கிடையாது. மணிப்பூரில் போலி என்கவுண்டர் என்று சொல்லப்பட்ட 1528 மரணங்கள் தொடர்பான வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் இருக்கிற பகுதி என்பதால் சீருடைக்காரருக்கு முழு விலக்கு கிடைத்துவிடாது என்றது. இன்டர்நெட்டை வெட்டுவதும் அப்படித்தான், காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரியில் சொன்னார்கள்: காலவரையறை இல்லாமல் நிறுத்தக்கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும். நடைமுறையில் அது எவ்வளவு நடக்கிறது என்பது வேறு கதை.

அதெல்லாம் காஷ்மீரில், மணிப்பூரில், நமக்கென்ன என்று வடசென்னையில் யாரும் சொல்ல முடியாது. குண்டாஸ் தெரியாத தெரு நம் பக்கம் இருக்கிறதா? 1982 சட்டம், விசாரணை இல்லாமல் ஒரு வருடம். தேசத்தைக் காப்பாற்றுகிறோம் என்று போட்ட முன்தடுப்புக் காவல் சட்டங்களின் தம்பிதான் அது. அதே மாதிரிக் காகிதம், அதே மாதிரி அறிவுரைக் குழுமம். எத்தனை குண்டாஸ் உத்தரவுகள் ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுவில் உடைந்திருக்கின்றன தெரியுமா, காரணம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, கொடுத்த மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், ஆங்கிலக் காகிதத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, இவ்வளவுதான். பிரிவினை வழக்கானாலும் செல்போன் பறிப்பு வழக்கானாலும் ஒரு ஆளைக் காப்பாற்றுவது இந்தக் காகிதம்தான்.

உங்கள் நண்பன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு கசப்பான உண்மை: 19ஆவது பிரிவு, அதாவது பேச்சுரிமை, குடிமக்களுக்கு மட்டும். அவன் இங்கேயே பிறந்து புழல் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாலும் அரசின் கணக்கில் அகதிதான். ஆனால் 14, 20, 21, 22, அதாவது சமமாக நடத்தப்படுவது, உயிர், கைதானால் காரணம் சொல்வது, வக்கீல் வைப்பது, இதெல்லாம் 'எந்த நபருக்கும்' என்று எழுதியிருக்கிறது. 1996இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொன்னது. உங்கள் வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்து குடியேறின பாட்டிகள் இருப்பார்களே, ஒரு நாட்டில் எல்லாம் இருந்து அடுத்த நாளே எதுவும் இல்லாமல் போவது எப்படி என்று அவர்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

புலிகள் அமைப்பு 1992லிருந்து இங்கே தடை செய்யப்பட்டது, 2024 மே மாதத்தில் மறுபடியும் ஐந்து வருடம் நீட்டித்திருக்கிறார்கள். அதனால் கோடு எங்கே என்று அவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள். இறந்துபோன சித்தப்பாவுக்கு விளக்கேற்றிப் படம் வைப்பது, 2009இல் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைப்பது, ஈழத்தமிழருக்கு நீதி வேண்டும் என்று எழுதுவது ஒரு பக்கம். அமைப்பின் கொடியும் சின்னமும் போட்டு, சேருங்கள், பணம் கொடுங்கள் என்று எழுதுவது இன்னொரு பக்கம். புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று வைகோவைப் பொடா என்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் 2002இல் பிடித்து 19 மாதம் வேலூர்ச் சிறையில் வைத்திருந்தார்களே, அவர் அங்கே இருக்கும்போதுதான், 2003 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்று சொன்ன அதே தீர்ப்பில், பயங்கரவாத அமைப்பின் செயல்களை வளர்க்கும் நோக்கம் இல்லாத வெறும் அனுதாபம் குற்றமாகாது என்றும் சொன்னது. 2021இல் கோழிக்கோட்டு மாணவர்கள் இருவர் வழக்கிலும் மாவோயிஸ்ட் துண்டுப் பிரசுரம் கையில் இருந்தது என்பது மட்டும் போதாது, நோக்கம் வேண்டும் என்று ஜாமீன் விஷயத்தில் சொன்னார்கள். தீர்ப்பு அவன் பக்கம் இருக்கிறது, சரி. ஆனால் முகாமில் இருக்கிறவனுக்கு வழக்குப் போடாமலேயே தொல்லை கொடுக்கலாம், திருச்சியில் வெளியே விடாமல் அடைத்துவைக்கிற சிறப்பு முகாம் என்று ஒன்று இருக்கிறது, அதனால் நான் அவனுடைய அண்ணனாக இருந்தால் கொடி வேண்டாம்டா, விளக்கு மட்டும் போதும் என்பேன். இது நியாயம் என்று சொல்லவில்லை, ஜாக்கிரதை என்று சொல்கிறேன்.

ஒருவேளை தூக்கிக்கொண்டு போய்விட்டால்? என் சீனியர் காலத்தில் கட்சிக்காரரின் அம்மா அழுதுகொண்டு வந்து நின்றால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "தந்தி கொடுத்துட்டியாம்மா?" பாரிமுனைத் தந்தி ஆபீசுக்கு ஓடி, என் மகனை இத்தனை மணிக்கு இந்த ஸ்டேஷன் போலீஸ் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கமிஷனருக்கும் தலைமை நீதிபதிக்கும் தந்தி. அதில் விழுகிற நேர முத்திரைதான் ஆயுதம், நாளை மறுநாள் இன்றைக்குத்தான் பிடித்தோம் என்று அவர்கள் எழுத முடியாது. 2009இல் ஒரு பையன், ஈழப் போராட்டத்துக்குச் சுவரொட்டி ஒட்டினவன், மூன்று நாள் ஒரு ஸ்டேஷனில் கணக்கிலேயே இல்லாமல் இருந்தான். பெயர் வேண்டாம், ஸ்டேஷன் பெயரும் வேண்டாம். அவன் அக்கா கொடுத்த தந்தியின் ரசீது ஒன்றுதான் எங்கள் கையில் இருந்தது, அதை வைத்துத்தான் வெளியே எடுத்தோம். முதுகில் பட்ட அடியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

தந்தி 2013இல் போய்விட்டது. இப்போது 112க்கு ஒரு கால் போட்டால் நேரம் பதிவாகும், கமிஷனர் ஆபீசுக்கு ஈமெயில், பதிவுத் தபால், எல்லாவற்றுக்கும் ஸ்க்ரீன்ஷாட். கைது செய்தால் கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், வீட்டில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். யுஏபிஏ என்றாலும் கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பத்திரிகை ஆசிரியரின் கைதையே செல்லாது என்றது. மாஜிஸ்திரேட் முன்னால் போகும்போது அடித்தார்களா என்று கேட்டால் வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள், முக்கால்வாசிப் பேர் அங்கேதான் பயத்தில் ஒன்றும் இல்லை ஐயா என்று சொல்லிவிட்டு அப்புறம் என்னிடம் வந்து சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யோசிக்க வேண்டாம். காவலில் இருக்கிறவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, ஐகோர்ட் வளாகத்திலேயே வடக்குக் கோட்டைச் சாலைப் பக்கம் மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, ஃபோனில் என்றால் 15100. அந்த எண்ணை உங்கள் நண்பன் தன் ஃபோனில் வைத்திருந்தால் பிரயோஜனம் இல்லை, ஃபோனைத்தான் முதலில் பிடுங்குவார்கள். அவன் அம்மாவின் ஃபோனில் பதிந்து வையுங்கள், அப்படியே சுவரில் காலண்டர் பக்கத்தில் பேனாவால் எழுதியும் வைக்கச் சொல்லுங்கள்.